கடைக்குப் போகுமுன் ஆய்வகத்துக்கு

நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கரை கட்டிய குளங்கள், அவற்றில் தண்ணீரை அடித்துச் சுழலும் ஏரேட்டர் சக்கரங்கள். எல்லாம் இறால் பண்ணைகள். ஒவ்வொரு குளத்திலும் லட்சக்கணக்கில் பணம் இறங்கியிருக்கும். பெரும்பாலும் கடன் பணம். காலையில், இறால் தீவனம் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் வைக்கும் செக் டிரேயைத் தூக்கினால் போட்ட தீவனம் அப்படியே கிடக்கிறது, நாலைந்து இறால் கரையோரம் சோர்ந்து ஒதுங்கி நிற்கிறது என்றால் பண்ணைக்காரருக்கு வயிறு கலங்கிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு டப்பாவை நீட்டி, “தீவனத்துல கலந்து போடுங்கண்ணே, சரியாயிடும்” என்றால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? அதனால் பண்ணைக்காரரைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை.

ஆனால் அந்த டப்பாவில் இருப்பது ஆன்டிபயாடிக் என்றால், பெரும்பாலும் அது தண்ணீரில் கொட்டிய காசு. 1994, 95-இல் நம் கடற்கரைப் பண்ணைகளைக் காலி செய்த வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் வைரஸ். இன்று இறாலை வளரவிடாமல் அடிக்கும் ஈ.எச்.பி., செரிமானச் சுரப்பியில் குடியேறும் ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். இவை இரண்டையும் தொடக்கூடத் தொடாது. பாக்டீரியாவால் வரும் விப்ரியோ நோயில் ஓரளவு கேட்கும். ஆனால் மருந்துக்குத் தப்பிய கிருமி அதே குளத்தில் பெருகும், வடிகால் வழியாக அடுத்த குளத்துக்கும் போகும். மருந்தை எதிர்க்கும் திறனை மற்றக் கிருமிகளுக்கும் அது கடத்திவிடும். நாளை நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது, அதே மருந்து கேட்காமல் போகக்கூடும்.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. முன்னது சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். பின்னதன் எச்சம் இறாலின் சதையில் ஒட்டிக்கொண்டு, சமைத்தாலும் போகாது. இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறாலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சோதித்துவந்த ஐரோப்பிய ஒன்றியம், 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியதற்கு இந்த எச்சங்கள்தான் காரணம். யாரோ ஒருவர் கலந்த மருந்துக்கு ஒழுங்காக வளர்த்தவரும் சேர்ந்து விலை கொடுத்தார்.

மருந்தைக் குறைக்க முடியுமா? முடியும் என்று நார்வே செய்து காட்டியிருக்கிறது. 1987-இல் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் போட்டன. அன்றைய சால்மன் விளைச்சலே சுமார் 50,000 டன்தான். ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ மருந்து! இன்று விளைச்சல் 15 லட்சம் டன். மருந்தோ ஆண்டுக்கு ஒரு டன்னைத் தாண்டுவதில்லை. கடலில் விடுமுன் ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் தடுப்பூசி போட்டார்கள். ஒரு வளர்ப்பு முடிந்ததும் அந்த இடத்தைச் சில காலம் சும்மா போட்டார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது என்றார்கள். சால்மனின் உடலில் ஒட்டிக்கொள்ளும் கடல் பேன் தொல்லை அங்கே இன்னும் தீரவில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் அவர்கள் வென்றுவிட்டார்கள். அதே சால்மனை வளர்க்கும் சிலியில் நல்ல தடுப்பூசி அமையாத ஒரு பாக்டீரியா நோய் இருப்பதால், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் மருந்து இன்றும் போகிறது.

சிப்பி, மட்டிக்கு இந்த மருந்துத் தொல்லையே இல்லை. கடல் நீரை வடிகட்டித் தாமாக உண்டு வளர்கின்றன. மருந்து கலக்கத் தீவனமே கிடையாது.

இறாலின் கதை வேறு. மீனைப் போல நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. ஆகவே மீனுக்குப் போடுகிற மாதிரித் தடுப்பூசி அதற்குப் பலிக்காது. எனவே நோய் குளத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதே வழி. 2009-இல் நம் நாட்டில் வனாமி என்னும் வெளிநாட்டு இறாலை அனுமதித்தபோது, குறிப்பிட்ட நோய்கள் இல்லாத தாய் இறாலையே இறக்குமதி செய்ய வேண்டும், சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்குத் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். சதுர மீட்டருக்கு 60 குஞ்சுதான் என்று வரம்பும் வைத்தார்கள். இது நல்ல ஏற்பாடு என்பேன். நெரிசல் குறைந்தால் தீவன மிச்சம் குறையும், குளத்தடிச் சேறு குறையும், விப்ரியோ பெருக வாய்ப்பும் குறையும்.

பிலிப்பைன்ஸில் இன்னொரு வழி கண்டார்கள். நம்மூரில் ஜிலேபி மீன் என்கிறோமே, அந்தத் திலேப்பியா வளர்ந்த பச்சைத் தண்ணீரை இறால் குளத்துக்குப் பாய்ச்சினார்கள். இருட்டில் ஒளிரும் விப்ரியோ கிருமி அந்தத் தண்ணீரில் தலையெடுக்கவில்லை.

பண்ணை வைத்திருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். குஞ்சு வாங்குமுன், அதில் நோய்க்கிருமி உண்டா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இறால் சுணங்கினால் மருந்துக் கடைக்குப் போகுமுன், நாலு இறாலை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள். சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வந்தது என்ன நோய் என்று தெரிந்துகொண்ட பிறகு செலவு செய்யுங்கள். இறால் வாங்கி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்தில்லாமல் வளர்த்துக் கொண்டுவருபவருக்குக் கிலோவுக்கு நாலு காசு கூடக் கொடுங்கள்.