தொடுவதற்கு முன்



வன்முறைக்கு ஆளான ஒரு தாயார் எங்கள் ஓ.பி.க்கு வந்தார். பரிசோதனை மேஜையில் படுக்கச் சொன்னதும் எழுந்து போய்விட்டார். எங்களுக்குக் கோபம்தான் வந்தது; மறைப்பானேன்? மூடிய திரை, "படும்மா" என்ற அதட்டல், சொல்லாமல் பட்ட கை. இவை அவரைப் பழைய நாளுக்கே கொண்டுபோனதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

இப்போது சொல்லிவிட்டுத்தான் தொடுகிறோம். அவர் கையை உயர்த்தினால் நிறுத்துகிறோம். நடந்ததை மற்றவர் காதுபட விசாரிப்பதில்லை. கூட வந்தவர் உள்ளே வரலாமா என்பதை அவரிடம் தனியே கேட்கிறோம். சிலவேளை அடித்தவரே துணைக்கு வருகிறாரே!

பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் இலவசமாக உடனே சிகிச்சை தரவேண்டும் என்று 2013-ல் சட்டமே வந்தது. 'இருவிரல் பரிசோதனை' கூடாதென்று 2022-ல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது. எங்களைப் போன்றவர்கள் கற்க எத்தனை தாமதம்!

உங்கள் காணிக்கையால் ஒரு தனியறை அமைத்தோம். நோயாளியின் நாற்காலி கதவருகே இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாயார் மறுபடியும் வந்தார். அன்று எடையும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்தோம். அடுத்து எப்போது வரவேண்டும் என்று அவரே கேட்டார்.