இழவு வீட்டில் இளஞ்சிறார்



ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் நம் ஊரவர் ஒருவர் சொல்லிச் செய்யவேண்டியதில்லை. பந்தல் எழும்; பறைமேளத்துக்கு ஆள் போகும்; அயல்வீட்டில் உலை ஏறும். இத்தனை ஒழுங்கின் நடுவே சிறுபிள்ளைகள் மாத்திரம் கவனிப்பாரின்றி நிற்பர். "பிள்ளையளை அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ" என்று யாரோ சொல்ல, அயல்வீட்டு விறாந்தையில் இருத்தப்படுவர். "அப்பா எங்கே?" என்று கேட்டால், "கொழும்புக்குப் போயிட்டார்" என்றோ, "நித்திரை கொள்ளுறார்" என்றோ விடை வரும். அன்பினாற் சொல்லும் பொய்தான். ஆயினும் அப்பொய்யைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கொழும்புக்குப் போனவர் ஒருமுறை தொலைபேசியிலாவது பேசுவாரல்லவா? பேசாதபோது, தன்மீது கோபங்கொண்டு போய்விட்டார் என்றே பிள்ளை எண்ணும். நித்திரை கொண்டவரைத் தூக்கிச் சென்றதைக் கண்ட பிள்ளையோ, அன்றிரவு தான் கண்ணயர அஞ்சும்.

ஹங்கேரி நாட்டில் 3 முதல் 10 வயது வரையான 378 சிறுவரை ஆராய்ந்த மரியா நாகி என்னும் அம்மையார், 1948இல் தம் முடிபுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவை ஒரு பயணமாக, அல்லது ஒருவகை நித்திரையாகவே கருதுகின்றனர் என்றார். பின்வந்த ஆய்வாளர் வயதெல்லையைச் சற்று மாற்றினும், சிறு பிள்ளைக்கு 'மீளாமை' எளிதில் விளங்காது என்பதில் மாறுபாடில்லை. பிள்ளையிடம் இயல்பாகவே உள்ள மயக்கத்தை நாமே போய் உறுதிப்படுத்துகின்றோம்!

எனவே, "அப்பா செத்துப்போனார், இனி அவருக்கு மூச்சில்லை, பசியில்லை, நோவில்லை, திரும்பி வரமாட்டார்" என்று, மடியில் வைத்துக்கொண்டு சொல்லுதலே தகும். "நான் குழப்படி செய்ததாலோ?" என்னும் ஐயம் பல பிள்ளைகளின் மனத்தில் உண்டு; வாய்விட்டுக் கேளார். கேளாமலே, "இது உன்னால் வந்ததன்று" எனக் கூறல் வேண்டும். சற்றுமுன் அழுத பிள்ளை முற்றத்தில் விளையாடக் கண்டு, "நெஞ்சில் ஈரமில்லை" என்போரும் உளர். பிள்ளை துயரத்தைச் சிறுகச் சிறுகவே சுமக்கும். விளையாட்டு அதற்கு இளைப்பாறல்.

பாட்டன் பாட்டியின் சவத்தைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் வழக்கத்தை யாவரும் அறிவீர்கள். மிஷன் பள்ளிகளிற் படித்த நம்மவருட் சிலர் இதனை வெறுஞ் சடங்கென்பர். அங்ஙனம் தள்ளுதற்கில்லை. 'உனக்கும் இங்கு ஓர் இடமுண்டு, ஒரு வேலையுமுண்டு' என்று பிள்ளைக்குச் சொல்லும் வழக்கம் இது. ஆனால் வற்புறுத்தலாகாது. ஒப்பாரி எழும், மேளம் முழங்கும், உடல் குளிர்ந்திருக்கும் என்று முன்னரே சொல்லி, பிள்ளை விரும்பினால், நம்பிக்கையான ஒருவர் கைபிடித்து நிற்கவேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் கொண்டுபோனவர்களுட் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. செத்தவீடு நடவாத வீட்டிற் பிள்ளை படலையைப் பார்த்துக் காத்திருப்பதில் வியப்பென்ன?

தந்தைக்குக் கொள்ளி வைத்த பத்து வயதுப் பையனிடம், "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று தோளிற் தட்டுகிறார்கள். இது பெருங்கொடுமை. அன்றுமுதல் அவன் அழ மறுக்கின்றான்; தாய் அழுதால் தானே குற்றவாளிபோல் ஒடுங்குகின்றான்.

அமெரிக்காவிலே, பெற்றோருள் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளை ஈராண்டு தொடர்ந்து கவனித்தனர். அதனை விளக்கி வில்லியம் வோர்டன் 1996இல் எழுதிய நூல், எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றார் என்பதையே பெரிதும் பொறுத்தது பிள்ளையின் நிலை என்கின்றது. ஆதலின் தாய்க்குச் செய்யும் உதவி பிள்ளைக்குஞ் செய்யும் உதவியாகும்.

இங்கேதான் நம் போன்ற வாலிபர்க்கு வேலை இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் உறவினர் கலைந்துவிடுவர், வீடு வெறிச்சோடும். படுக்கை நனைத்தல், வயிற்றுநோ, பள்ளிக்கூடம் போக மறுத்தல் முதலியன பெரும்பாலும் அதன்பின்னரே தெரியவரும். மாதங்கள் பல கழிந்தும் தணியாவிடின், அல்லது 'நானும் அப்பாவிடம் போகிறேன்' என்று பிள்ளை சொன்னால், தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். மற்றைய வேளைகளில், மாலையில் ஒருவர் சென்று கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தாய் கடைக்குப் போக, இளையவனைப் பார்த்துக்கொள்ளலாம். பேச்சிடையே இறந்தவர் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லலாம். ஆடி அமாவாசையன்று தந்தைக்கு என்ன கறி விருப்பம் என்று பிள்ளையைக் கேட்டே சமைக்கும்படி தாயாரிடம் சொல்லிப் பாருங்கள். அது தானாகவே வேறு பல கதைகளும் சொல்லத் தொடங்கும்.