இட்டேரியில் சைக்கிள்: பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி ஒரு பயணம்



கோவையிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே இறங்குகிறவர்களைத்தான் காணோம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் நீண்ட மதில் தெரியும். ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மரக்கூட்டம் தெரியும். கல்வியாளர் அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய பள்ளி அது. இப்போதுள்ள வளாகத்துக்கு 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். அதைப் பார்த்து முடிப்பதற்குள் மத்தம்பாளையம் வந்துவிடும். பெரியநாயக்கன்பாளையத்தின் அழகு மேட்டுப்பாளையம் சாலையில் இல்லை. மேற்கே திரும்பினால் குருடிமலையும் பாலமலையும். கிழக்கே திரும்பினால் சோளக்காடும் வாழைத்தோட்டமும், நடுவில் தண்ணீர் மறந்துபோன ஓர் ஆறும். இன்று உங்களை அந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் அழைத்துப் போகப் போகிறேன்.

கிராவல் பைக் என்று ஒரு வகை சைக்கிளை இப்போது கடைகளில் பார்த்திருப்பீர்கள். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் மட்டும் தடிமன். தார் இல்லாத சாலைக்கென்றே செய்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றி 2006 முதல் இதற்குப் பெரிய பந்தயம் நடக்கிறது; ஒரே மூச்சில் 320 கிலோமீட்டர், முழுக்கக் கல்லும் மண்ணும். 2022இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே வைத்துவிட்டார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் அந்த டயரின் அகலத்தை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 40 மில்லிமீட்டர். நம் ஊரில் பால் கேனை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற கறுப்பு சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயரும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். கியர் கிடையாது, கனம் அதிகம், பிரேக் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கும். மற்றபடி கொங்கு நாட்டுக் குடியானவர் பல தலைமுறையாகக் கிராவல் பைக்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே சைக்கிள் புதிதாக வாங்கினால்தான் இந்தப் பயணம் என்று நினைக்க வேண்டாம்.

இந்தப் பயணத்துக்கு உரிய தடம் இட்டேரி. கொங்குப் பக்கத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் காட்டு வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. வேலி என்றால் கம்பி வேலி இல்லை, உயிர்வேலி. கிளுவைப் போத்தை வரிசையாக நட்டு வளர்த்த வேலி. அதன் மேல் கோவைக்கொடி படரும், பிரண்டை ஏறும், இடையிடையே கள்ளி நிற்கும். ஓணான், உடும்பு, கீரி எல்லாம் குடியிருக்கும். விடியற்காலையில் போனால் கௌதாரி குஞ்சுகளோடு முன்னால் ஓடும். பறக்கத் தெரிந்தும் கடைசி நிமிஷம் வரை ஓடியே பார்க்கும். நடுவில் புல், இருபுறமும் சக்கரத்தடம். புல்லின் மேல் விட்டால் மெத்தென்று போகும், தடத்தில் விட்டால் வேகமாகப் போகும். மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் வேலிக்கு மேலே மலை எட்டிப் பார்க்கும்.

பிளிச்சி, ஒன்னிபாளையம் பக்கம் இன்னும் இப்படிப்பட்ட இட்டேரிகள் இருக்கின்றன. சிலவற்றுக்குத் தார் போட்டாயிற்று. சிலவற்றில் வேலியை அடியோடு தோண்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். சில, மனைப்பிரிவின் சுவரில் போய் முட்டி நிற்கின்றன. வரைபடத்தை நம்பி இங்கே வண்டி ஓட்ட முடியாது. வாயைத்தான் நம்ப வேண்டும். சாளை வாசலில் தட்டு வெட்டிக்கொண்டிருந்த ஓர் ஐயாவிடம், “ஏனுங்க, இந்தத் தடம் அந்தப் பக்கம் போவுதுங்களா?” என்று கேட்டேன். “போவுதுங்க. பள்ளத்துல தண்ணி இருந்தா மட்டும் எறங்கித் தள்ளிக்குங்க. நாய் கொலைக்கும், ஒண்ணும் பண்ணாது” என்றார். முதல் பாதி அப்படியே சரியாக இருந்தது. நாய் விஷயத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை. தோட்டத்து நாய் துரத்தினால் மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். அதற்கும் சலித்துவிடும்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண் ஆய்வாளர்கள் ஒரு மண்வகைக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையம் மண்வரிசை என்று ஆய்வு நூல்களில் வரும்: சுண்ணாம்பு கலந்த கருமண். காய்ந்தால் கல்லாக இறுகும். மழை பெய்துவிட்டால் பத்தடி ஓட்டுவதற்குள் டயரில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்புறம் சைக்கிள் உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். மலைப்பக்கம் போகப்போகச் சரளையும் செம்மண்ணும் வந்துவிடும். அங்கே மழை விட்ட மறுநாளே ஓட்டலாம். எனவே ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே போகாதீர்கள். தை பிறந்து, சோளத்தட்டு அறுத்துப் போர் போட்ட பிறகு போனால் தடம் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். ஆடியிலும் போகலாம், ஆனால் திரும்பி வரும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

இந்தக் கிழக்குத் தடங்களில் எங்காவது ஓரிடத்தில் மணலும் சீமைக்கருவேலமும் நிறைந்த ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவீர்கள். அதுதான் கௌசிகா நதி. குருடிமலையில் பிறந்து, இடிகரை, கோவில்பாளையம் வழியாகப் போய், திருப்பூருக்கு மேற்கே வஞ்சிபாளையத்தில் நொய்யலில் சேர்கிறது. சேர்கிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது; பெருமழை பெய்கிற ஆண்டுகளில்தான் தண்ணீரைப் பார்க்க முடியும். ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு இந்த வறண்ட ஆறு ஒரு பாடம் சொல்லும். இங்கே விழுகிற மழை நொய்யலுக்குப் போகிறது. வடக்கே காரமடையைத் தாண்டினால் பள்ளங்கள் பவானியைத் தேடித் திரும்புகின்றன. இரண்டு ஆற்று நீரையும் பிரிக்கிற அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரிநீரை இந்த மேட்டு நிலத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு அந்தத் தண்ணீர்.

இனி மேற்கே. நாயக்கன்பாளையம், கோவனூர் வழியாகப் பாலமலை அடிவாரத்துக்குப் போகிற சாலை தார்ச்சாலைதான். ஆனால் அதிலிருந்து பிரிகிற சரளைத் தடங்கள் அழகானவை. மலை மேலே அரங்கநாதர் கோயில், சித்ரா பௌர்ணமிக்குத் தேர். குஞ்சூர்பதி, மாங்குழி போன்ற இருளர் பதிகள். அங்கே போகிறவர்கள் கோயில் சாலையை விட்டு விலகக் கூடாது. பெரியநாயக்கன்பாளையம் கோவை வனக்கோட்டத்தில் ஒரு வனச்சரகம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், அது யானை நடக்கிற இடம். பொழுது சாய்ந்ததும் வாழைக்கும் சோளத்துக்கும் இறங்கி, விடிவதற்குள் மலையேறும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானைக்கும் தெரியாது, வளைவில் நிற்கிற யானை நமக்கும் தெரியாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போய், மாலை நான்கு மணிக்குள் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வழி கேட்கும்போது இன்னொன்று. இந்த வட்டாரத்தில் வீரபாண்டி இரண்டு. நம்பர் 4 வீரபாண்டி பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. 24 வீரபாண்டி மலைக்கு அந்தப் பக்கம் தடாகத்தில். எண்ணைச் சொல்லாமல் கேட்டால் மலையைச் சுற்ற வேண்டிவரும். சுற்றினால் தடாகம் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 2021இல் மூடப்பட்ட செங்கல் சூளைகளின் புகைபோக்கிகளும், அவற்றுக்காகச் செம்மண் தோண்டிய ஆழக் குழிகளும் அங்கே அப்படியே கிடக்கின்றன. மண் வேண்டுமென்று ஓடையின் கரையைக்கூட விட்டுவைக்கவில்லை. பார்க்க வேண்டிய இடம்தான், ரசிக்க அல்ல.

வடக்கே போக நேரமிருந்தால் காரமடை. ஊரைத் தாண்டியதும் கறிவேப்பிலைத் தோட்டங்கள். பறிக்கிற நாளில் சாலை முழுக்க மணம். தாயனூர், தோலம்பாளையம் பக்கம் மேடும் பள்ளமுமாக நல்ல தடங்கள். மேட்டுப்பாளையம் போய்ப் பவானிக் கரையோரம் திரும்பினால் நெல்லித்துறை, பாக்குத்தோப்பு நிழல். பில்லூர் அணையில் மின்சாரம் எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிடும்போது ஆறு சொல்லாமல் ஏறும். ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

எதை முதலில் போவது என்று கேட்டால், மலைத்தடம் இல்லை, இட்டேரிதான் என்பேன். மலை அடுத்த ஆண்டும் இருக்கும். இட்டேரிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பஞ்சர் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள், நெருஞ்சியும் வேலமுள்ளும் டயரைச் சும்மா விடாது. காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஆட்டுமந்தை எதிரே வந்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். உங்கள் ஊர் கிராமசபையில் இட்டேரிக்குத் தார் போடும் தீர்மானம் வந்தால், வேலியை மட்டுமாவது வெட்டாமல் விடச் சொல்லிக் கேளுங்கள்.