தொழிலாளர் திருநாளும் நம் கடமையும்

(பெரம்பூரில், நம் சங்க மண்டபத்தில், மே முதல் நாள் நிகழ்ந்த தொழிலாளர் விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் தெருவார் கூடி எடுத்துள்ள இவ்விழாவிற் பேசுமாறு தமிழாசிரியனாகிய என்னைப் பணித்தீர்கள். ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்தோர் வாழ்ந்த இடம் இது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும் அதில் உழைத்தோரின் மக்களும் பேரன்மாரும் இவ்வவையில் நிறைந்திருக்கின்றனர். ஆதலின் பிற நாட்டுச் செய்தியைச் சுருங்கக் கூறி, நம் ஊர்ச் செய்தியைச் சற்று விரித்துரைப்பேன்.

அமெரிக்க நாட்டுத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை வேண்டி 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதனைத் தொடர்ந்து சிகாகோ நகரில் எழுந்த கலகத்தின் பேரால் 1887-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1889-இல் பாரிஸ் நகரிற் கூடிய பேரவையின் தீர்மானத்தால், மே முதல் நாள் உலகத் தொழிலாளர் திருநாள் ஆயிற்று. இந்திய நாட்டில் இந்நாளை முதற்கண் கொண்டாடிய பெருமை சென்னைக்கே உரியது. 1923-ஆம் ஆண்டில் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இரு கூட்டங்கள் கூட்டுவித்தார்.

அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1918 ஏப்ரல் 27-இல், இப்பெரம்பூரிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நம் நாட்டில் முறைப்பட அமைந்த முதல் தொழிற்சங்கம் என அதனைப் போற்றுவர். அந்நாளில் நெசவாலைகளிற் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கச் சட்டமே இடந்தந்தது. உணவுக்கு விடப்பட்ட நேரமோ மிகக் குறுகியது. கை கழுவி, உண்டு, மீள்வதற்கும் அது போதாது. அதனை நீட்டித் தருக என்பது சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. வயிறார உண்ண நேரங் கேட்டதே நம் ஊர்த் தொழிலாளர் வரலாற்றின் முதலேடு என்பதை இளைஞர் மறவாதிருக்க வேண்டும்.

அச்சங்கத்தைத் தோற்றுவித்தோர் யாவர்? தலைவர் வாடியா, பம்பாயிலிருந்து வந்த பார்சி வகுப்பினர். அவரொடு நின்றோர் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, கேசவப் பிள்ளை, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் என்போர். பெயர்களைக் கேட்ட அளவிலேயே பிறப்பால் வேறுபட்டோர் என்பது விளங்கும். அவர்களைப் பிணித்தது பிறர் துன்பங் கண்டு பொறாத நெஞ்சமே.

ஆலை நிர்வாகத்தார் வாடியா முதலியோர்மேல் நட்ட ஈடு கோரி வழக்குத் தொடர்ந்தனர். உயர்நீதிமன்றமும் 1920-இல் அவர்கட்குத் தடையாணை பிறப்பித்தது. சங்கம் கூடுதலே குற்றமாகுமோ என்னும் அச்சம் நாடெங்கும் எழுந்தது. அவ்வச்சத்தைப் போக்கச் சட்டமன்றத்திற் குரல் எழுந்து, முடிவில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இன்று நாட்டின் எம்மூலையிலும் ஒரு தொழிலாளி அச்சமின்றிச் சங்கத்திற் சேர்கின்றானெனில், அதற்கு வித்திட்டோருள் நம் ஊராரும் உளர்.

இனிச் சொல்ல வேண்டுவது இனிப்பான செய்தியன்று. 1921-ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் சேராது ஆலைக்குச் சென்றனர். அதனாற் பகை மூண்டது. புளியந்தோப்பிற் குடிசைகள் தீக்கிரையாயின, துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தது, உயிர்கள் மாய்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில், கேட்டது ஒன்றும் பெறாமல் வேலைநிறுத்தம் முறிந்தது.

அவர்களைத் துரோகிகள் என்று இன்றும் பேசுவார் உளர். அன்பர்களே! எண்ணிப் பாருங்கள். அன்றாடக் கூலியால் அடுப்பெரித்தோர் மாதக் கணக்கிற் கூலியின்றி இருத்தல் இயலுமோ? கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தம்மை ஒதுக்கினோர், ஆலை வாயிலில் மட்டும் ‘தோழரே, வருக’ என்றால் நம்பத்தான் இயலுமோ? அந்நாளைய அடிதடியில் நம்மவர்க்குப் பங்கில்லை எனக் கூறி நாம் நழுவுதல் முறையன்று. ஒற்றுமை வேலைநிறுத்தத்தன்று பிறப்பதன்று. அதற்கு முந்திய நாட்களிற் பிறந்திருத்தல் வேண்டும்.

சங்கம் என்னுஞ் சொல் கூட்டம் எனப் பொருள்படும். பிறப்பாற் கூடிய நம் சங்கம் ஏழை மாணவர்க்கு உதவுகின்றது. மணவினை, பிணவினைகளிற் கை கொடுக்கின்றது. அது நன்றே. ஆயின் கூலி, வேலை நேரம், உயிர்க்காப்பு என்னும் இவற்றைப் பெறப் பிறப்பாற் கூடிய கூட்டம் போதாது. இயந்திரம் கையை நசுக்குங்கால் சாதி கேட்டு நசுக்குவதில்லை. வாயிற்படிக்கு வெளியே கழற்றிவிட வேண்டிய செருப்பைப் போல, தொழிற்சங்க வாயிலிற் சாதியைக் கழற்றிவிடல் வேண்டும்.

பெற்ற உரிமை என்றும் நிலைக்கும் என்று உறங்குதலும் கூடாது. சட்டம் விதித்த நாள் வேலை உச்சவரம்பு 1922-இற் பதினொரு மணியாகவும், 1934-இற் பத்து மணியாகவும், 1948-இல் ஒன்பது மணியாகவும் படிப்படியே குறைந்தது. அங்ஙனமிருந்தும், 2023 ஏப்ரலிற் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் நம் சட்டப் பேரவையிலேயே நிறைவேறியது. பல கட்சித் தொழிற்சங்கங்கள் ஒருங்கே எதிர்த்தமையால், அது திரும்பப் பெறப்பட்டதாக மே முதல் நாளன்று முதலமைச்சர் அறிவித்தார். பிரிந்து நின்ற 1921-ஆம் ஆண்டினையும் கூடி நின்ற 2023-ஆம் ஆண்டினையும் அருகருகே வைத்துக் காண்க.

முடிவாக இரண்டு வேண்டுகோள். உங்கள் இல்லங்களிற் பரண்மேற் கிடக்கும் ஆலைச் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா இரசீது, நிழற்படம் இவற்றை எரிக்காமலும் எடைக்குப் போடாமலும் நம் சங்க நூல்நிலையத்திற் சேர்ப்பியுங்கள். அடுத்த ஆண்டு இவ்விழா இம்மண்டபத்துள் அடங்காது, பொது வெளியில், புளியந்தோப்பாரையும் முறைப்படி அழைத்து, அவர்களுள் ஒரு முதியவர் தலைமையில் நிகழ்தல் வேண்டும். இதனைச் செயற்குழுவினர் ஏற்பார்களாயின், நூறாண்டுக்கு மேற்பட்ட புண் ஆறத் தொடங்கும்.