விருந்தாளியின் உரிமம்



கொல்கத்தா நகருக்கு மேற்கே, ஹூக்ளி நதிக்கு அப்பால், சாந்த்ராகாச்சி என்னும் ஊரில் நாம் வசித்து வருகிறோம். இங்குள்ள ரயில் நிலையத்தை அடுத்து ஓர் ஏரி உண்டு. குளிர்காலம் பிறந்ததும் அந்த ஏரியில் பறவைகள் வந்து இறங்கும். இமயத்துக்கு வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் அவற்றுள் உண்டு. குளிர் தணிந்ததும் அவை திரும்பிப் போய்விடும். கரையில் நின்று அவற்றைப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவோ, ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்டவை. வந்து போகிறவர், வந்து தங்குகிறவர் என்னும் இவ்விரு சாராருக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை, மோட்டார் ஓட்டும் உரிமத்தை முன்னிட்டு இன்று எடுத்துக்கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு வெளிநாட்டுச் சாலையில் வண்டி ஓட்டலாமா என்னும் கேள்வி, மோட்டார் வண்டி தோன்றிய சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. 1909ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய நாடுகள் இதைப் பற்றி முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. 1926இல் அதே நகரில் மற்றொன்று, 1949இல் ஜெனீவாவில் ஒன்று, 1968இல் வியன்னாவில் ஒன்று என அது வளர்ந்து வந்தது. இவற்றுள் ஜெனீவா ஒப்பந்தத்தை நம் நாடு ஏற்றிருக்கிறது. அதன்படி நமக்கு வழங்கப்படுவதே சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம்.

அது சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். உரிமையாளரின் பெயர், பிறந்த தேதி, அவர் ஓட்டத் தகுந்த வண்டிகளின் வகை ஆகியவை அதில் உண்டு. வண்டி வகைகளை ஐந்து எழுத்துகளால் பிரித்திருக்கிறார்கள்: முதல் எழுத்து மோட்டார் சைக்கிளுக்கு, இரண்டாவது காருக்கு, மூன்றாவது பெரிய சரக்கு வண்டிக்கு, நான்காவது பேருந்துக்கு, ஐந்தாவது இழுவை வண்டி பூட்டிய வாகனத்துக்கு. கடைசிப் பக்கம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். அதே செய்தி வேறு பல மொழிகளிலும் திரும்பத் திரும்ப வரும். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நமக்கு, அதைப் பார்த்த மாத்திரத்தில் ஓர் உறவு தோன்றியதில் வியப்பில்லை. நம் ஊர் உரிமத்தை அயலூர்ப் போலீஸ்காரர் படித்துணரும்படி பெயர்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. ஆகவே மூல உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பெயர்ப்பை மட்டும் எடுத்துச் செல்லலாகாது. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தும் நாம் தவறிய கதை ஒன்று உண்டு. நம் தெருவில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்தவர். அவருடைய மகனுக்கு ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. புறப்படுமுன் அவன் அந்தப் புத்தகத்தை நம்மிடம் கொண்டுவந்து, "மாமா, இது போதுமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். தேதியைப் பார்த்து, "ஓராண்டு செல்லும், கவலைப்படாதே" என்று சொல்லி அனுப்பினோம். பதினோராம் மாதம் தமக்கையின் திருமணத்துக்காக வந்து, மூன்று வாரம் தங்கினான். "தவணை முடியப் போகிறதே, இங்கேயே புதிய பத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடு" என்று யோசனை கூறியவர்களும் நாமே. அவ்வாறே வாங்கிச் சென்றான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சந்தின் முனையில் அவன் ஓட்டிய கார் மிதிவண்டியில் வந்த முதியவர் ஒருவர் மீது மோதியது. அவருடைய கை முறிந்தது. போலீசார் வந்து பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்தார்கள். பத்திரத்தின் தேதி சரியாகவே இருந்தது. ஆயினும் அவன் உரிமமின்றி ஓட்டியதாகவே எழுதிக்கொண்டார்கள். அன்றிரவு அவன் தொலைபேசியில் நம்மை அழைத்து, "மாமா, தேதி இருக்கிறதே, பின் ஏன் செல்லாது என்கிறார்கள்?" என்று கேட்டபோது, நம்மிடம் பதில் இல்லை.

பதிலைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டோம். ஜப்பானில் வந்திறங்கிய நாளிலிருந்து ஓராண்டு, அல்லது பத்திரத்தின் தவணை, இவ்விரண்டில் எது முந்தி முடிகிறதோ அதுவரைதான் ஓட்டலாம். அந்நாட்டில் குடியிருப்பவராகப் பதிவு செய்துகொண்டவர் வெளியே சென்று மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்தத் திரும்புதல் புதிய வருகையாகக் கணக்கில் ஏறாது. பழைய ஓராண்டே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை புதிய பத்திரம் வாங்கினாலும் அதை நீட்டிக்க இயலாது. உரிமமின்றி ஓட்டுவோருக்கு அங்கே மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

இதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. அந்தப் பத்திரத்திலேயே ஒரு வாசகம் இருக்கிறது. தங்குதல், தொழில் செய்தல் ஆகியவை பற்றி அந்தந்த நாட்டில் உள்ள சட்டங்களுக்கு உரிமையாளர் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். இப்பத்திரம் அக்கடமையை எவ்வகையிலும் குறைக்காது என்பது அதன் கருத்து. சொல்லின் பொருளைப் பெயர்த்துச் சொல்லிப் பிழைக்கும் நாம், அந்த வாசகத்தைக் கண்ணால் படித்துவிட்டுக் கருத்தில் வாங்காமல் விட்டோம். முதியவரின் கை குணமாயிற்று. பையன் அபராதம் கட்டினான். பிறகு முறைப்படி அந்நாட்டு உரிமத்துக்கு முயன்றான். அதற்கு நம் நாட்டு உரிமத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். அதை ஜப்பான் மோட்டார் வாகனச் சம்மேளனம் செய்து தருகிறது. அறிவுத் தேர்வும், வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. முன்பு பத்தாக இருந்த அறிவுத் தேர்வின் கேள்விகள், 2025 அக்டோபர் முதல் ஐம்பதாகிவிட்டன. நாற்பத்தைந்துக்குச் சரியாக விடை எழுத வேண்டும்.

ஆகவே, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும், அவர்களைப் பார்க்கப் போகும் பெரியோரும் சில செய்திகளை நினைவில் கொள்வது நலம்.

முதலாவது, பத்திரத்தை வாங்கும் வழி. உரிமம் வழங்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கு 4ஏ என்னும் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 'சாரதி' என்னும் அரசுத் தளத்தின் வாயிலாகவும் விண்ணப்பிக்கலாம். முன்பு கேட்கப்பட்ட மருத்துவச் சான்றும் விசாவும் 2021இல் நீக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த பத்திரத்தின் அளவும் நிறமும் 2022இல் ஒரே மாதிரியாக்கப்பட்டன. அரசு அலுவலகத்தைத் தவிர வேறு எவரேனும் பணம் பெற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் செல்லும் சர்வதேச உரிமம் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஜெனீவா ஒப்பந்தப் பத்திரத்தின் ஆயுள் ஓராண்டே.

இரண்டாவது, போகும் நாட்டின் வழக்கம். சீனப் பெருநிலத்தில் இப்பத்திரம் செல்லாது. அந்நாட்டுத் தற்காலிக உரிமம் வேண்டும். இலங்கையில் வெளிநாட்டுப் பத்திரத்தோடு உள்நாட்டு ஒப்புதலும் தேவை. பிரிட்டனில் குடியேறும் இந்தியர் 12 மாதம் வரை நம் உரிமத்தோடு ஓட்டலாம். அதன்பின் அங்கே தேர்வெழுதியாக வேண்டும். ஐக்கிய அரபு நாடுகளில் சுற்றுலாவாகச் சென்றவருக்கு இப்பத்திரம் உதவும். வேலைக்குச் சென்று குடியிருப்பு விசா பெற்றவர் அந்நாட்டு உரிமம் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலந்தோறும் விதி மாறும்.

மூன்றாவது, காப்பீடு. உரிமம் செல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவோ, கொடுத்த தொகையை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கவோ கூடும். வாடகைக் கார் எடுப்பவர் ஒப்பந்தத்தில் இச்செய்தியை முன்னதாகப் படித்துக்கொள்வது அவசியம்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் சங்கதிகள் என்று வெளி மாநிலத் தமிழர் ஒதுக்கிவிடலாகாது. நம் நாட்டுக்குள்ளும் இதே கணக்கு உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மதுரையில் பெற்ற ஓட்டுநர் உரிமம் ஹௌராவிலும் செல்லும். இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் மதுரையில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இம்மாநிலத்தில் அதற்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர் போன்றோருக்காக 2021இல் பி.எச். வரிசைப் பதிவு ஏற்பட்டது. தகுதியுடையோர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மனிதருக்குக் கொடுத்த உரிமம் நாடு முழுவதும் அவரோடு வருகிறது. வண்டியை மட்டும், நீ வந்துபோகிறாயா, தங்கிவிட்டாயா என்று சட்டம் கேட்கிறது. வெளிநாட்டிலோ அக்கேள்வி மனிதரையே நோக்கி எழுகிறது.

இவ்வாண்டு நம் தெருவிலிருந்து இன்னொரு பிள்ளை வெளிநாடு செல்லவிருக்கிறான். அவனும் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினான். இம்முறை நாம் தேதியை முதலில் பார்க்கவில்லை. "அங்கே எத்தனை நாள் இருக்கப் போகிறாய், எந்த விசாவில் போகிறாய்?" என்று கேட்டுவிட்டு, அந்நாட்டு விதியை அவனோடு உட்கார்ந்து படித்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் அக்கேள்வியைக் கேட்டு அனுப்புங்கள் என்று வேண்டிக்கொண்டு விடைபெறுகிறோம்.