மரபணுவைச் சுமக்கும் பலபடிகள்

(முதுகலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மக்கும் பலபடிகள் என்றதும் குப்பைமேடும் நெகிழிப் பையும்தான் வகுப்பில் பேச்சாகின்றன. அதே பலபடிகள் செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுசேர்க்கும் வாகனமாகவும் ஆய்வில் உள்ளன. அதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவைச் செல்லுக்குள் அனுப்புவது மரபணு சிகிச்சை. அனுப்புவதுதான் பெரும்பாடு. பாஸ்பேட் தொகுதிகளால் டி.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்டது. செல்லின் புறப்பரப்பும் அப்படியே. இரண்டும் விலக்கிக்கொள்ளும். போதாததற்கு, இரத்தத்திலுள்ள நொதிகள் டி.என்.ஏ.வை வெட்டிவிடும். செல்லுக்குள் நுழைவதில் கைதேர்ந்தது வைரஸ். எனவே அதன் தீய மரபணுக்களை நீக்கி, அதையே வாகனமாக்கினார்கள்.

ஆனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் வைரஸை விட்டுவைக்காது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர், அடினோவைரஸ் செலுத்தப்பட்ட நான்கு நாள்களில் இறந்தார். வயது 18. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். அதுவரை உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் நோயைச் சமாளித்து வந்தவர் அவர்.

வைரஸ் இல்லாமல் முடியுமா? நேர்மின்சுமை கொண்ட பலபடியை டி.என்.ஏ.வுடன் சேர்த்தால், நீண்ட இழை சுருண்டு நானோ துகளாகிறது. செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. அந்தப் பை மெல்ல அமிலமாகும். வெளியேறாவிட்டால் சரக்கு உள்ளேயே செரிந்துபோகும். 1995இல் அறிமுகமான பாலிஎத்திலீன்இமின், தன் அமீன் தொகுதிகளால் புரோட்டான்களை உறிஞ்சி, நீரை உள்ளிழுத்துப் பையை உடைக்கிறது என்று விளக்கினார்கள். (இந்த விளக்கம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.) ஆனால் அதன் கார்பன்–நைட்ரஜன் சங்கிலி உடலில் எளிதில் அறுபடாது. வேலை முடிந்தும் தங்கி, செல்சவ்வைச் சேதப்படுத்தும்.

2000இல் எம்.ஐ.டி.யின் டேவிட் லின், ராபர்ட் லாங்கர் குழுவினர் பாலி பீட்டா அமினோ எஸ்டரை இதற்குப் பயன்படுத்தினார்கள். அமீன் சுமையைப் பிடிக்கும். எஸ்டர் பிணைப்பு நீரில் மெல்ல அறுபடும். நாம் கரும்பலகையில் எழுதும் அதே எஸ்டர் நீராற்பகுப்புதான்! சீக்கிரம் அறுந்தால் டி.என்.ஏ. வழியிலேயே சிதறும், தாமதித்தால் நச்சுத்தன்மை கூடும். என் பார்வையில், இந்த வேகத்தை அளந்து வைப்பதே இத்துறையின் உண்மையான சவால்.

செயல்திறனில் வைரஸ்தான் இன்னும் முன்னால் நிற்கிறது. அதை மாணவரிடம் மறைக்க வேண்டாம்.

செய்து காட்டவும் வழியுண்டு. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் மக்கும் பலபடி. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்து நேர்மின்சுமை பெறும். மரபணு வாகனமாக இதுவும் ஆராயப்படுகிறது. டி.என்.ஏ.வுக்குப் பதிலாக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச்சொட்டாக அதில் விடுங்கள். எதிர்மின்சுமையும் நேர்மின்சுமையும் சந்திக்கும் இடத்தில், சொட்டைச் சுற்றி மெல்லிய தோல் படிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.