புல்வெட்டும் யந்திரம் கிளம்பாதபோது



கோலார் தங்கவயலுக்கும் யந்திரங்களுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பிவழி ஓடிவந்து, 1902-ஆம் ஆண்டில் தங்கவயலின் சுரங்கங்களை இயக்கத் தொடங்கியது. அதே 1902-இல்தான் இங்கிலாந்தில் ரான்ஸம்ஸ் என்னும் கம்பெனி, பெட்ரோலால் ஓடும் புல்வெட்டும் யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. முன்னது பூமிக்கடியில் பொன் தோண்டுவோருக்கு உதவியது. பின்னது பூமியின்மேல் புல்தரை பேணுவோருக்கு. தங்கவயலில் இவ்விரு உலகங்களும் அருகருகே இருந்தன. ஜான் டெய்லர் கம்பெனியின் துரைமார் பங்களாக்களைச் சுற்றிப் புல்தரை வளர்த்தார்கள். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவர் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்தார்கள்.

சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன் பிறகு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் ரயிலேறி, பெங்களூருக்கு நாள்தோறும் பிழைப்புத் தேடிச் செல்லும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. பிழைக்கச் செல்லும் ஊரில் தோட்டவேலையை மேற்கொண்டவர்களும் நம்மவரில் உண்டு. இந்த ஊரில் மட்டுமல்ல, தமிழர் குடியேறிய வேறு பல நகரங்களிலும் இதே நிலைதான். புல்வெட்டும் யந்திரத்தின் கயிற்றை இழுப்பவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் அல்லர். அது கிளம்பாவிட்டால் அன்றையக் கூலி போய்விடுகிறது. யந்திரத்தைக் கெடுத்தவர் என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. பழுதுபார்ப்பவரோ, "எஞ்சின் தேய்ந்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். உண்மையில் தேய்ந்து போன எஞ்சின்கள் சிலவே. கிளம்பாமைக்குக் காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோல், அழுக்கடைந்த பிளக், தூசியடைத்த வடிகட்டி என்னும் எளிய சங்கதிகளுள் ஒன்றாகவே இருக்கும்.

ஆராயப் புகுமுன் கையைக் காத்துக்கொள்ள வேண்டும். பிளக்கின்மேல் பொருந்தியிருக்கும் ரப்பர் மூடியோடு கூடிய கம்பியைப் பிடுங்கி அப்பால் ஒதுக்கிய பிறகே, கத்தியிருக்கும் அடிப்பாகத்தில் கை வைக்கலாம். கத்தி எஞ்சினின் அச்சோடு நேரே பிணைந்தது. சிக்கிய புல்லை எடுக்கக் கத்தியைத் திருப்பினால் எஞ்சினும் திரும்பும். அதுகாறும் அசையாதிருந்த யந்திரம் அந்தக் கணத்தில் உயிர்பெற்று விரலைக் கொண்டுபோய்விடக் கூடும். சுரங்கத்தில் வேலை செய்த நம் பெரியோர் இதை விளக்காமலே புரிந்துகொள்வர். மருந்து வைத்த துளை வெடிக்காமல் நின்றால், அதுவே வெடித்த துளையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது அன்றோ?

இனி எஞ்சினைக் கவனிப்போம். அதற்கு வேண்டுவன பெட்ரோல், காற்று, தக்க தருணத்தில் ஒரு தீப்பொறி, அக்கலவையை இறுக்கும் அழுத்தம் ஆகியவை. சிலர் தங்கவயல் மேட்டுநிலமாதலால் காற்றுக் குறைவு, அதனால்தான் கிளம்பவில்லை என்பார்கள். ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் அவ்வளவு குறை நேராது. அந்தச் சமாதானத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை.

குற்றவாளியைத் தேடும்போது பெட்ரோலிலிருந்தே தொடங்குவது நல்லது. கோலார்ப் பகுதி மழை குறைந்த பகுதி. உள்ள மழையிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் பெய்வதே மிகுதி. புல் செழிப்பதும் அப்போதுதான். கோடையில் தரை காய்ந்து கிடக்க, யந்திரம் கொட்டகையில் உறங்குகிறது. டாங்கியில் எஞ்சிய பெட்ரோலும் அதனோடு உறங்குகிறது. இரண்டொரு மாதங்களில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித் துளையை அடைத்துவிடும். இப்போது இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயப் பொருளைக் கலக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டில் இக்கலப்பு நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவல்லது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் ஒன்றாய்ப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் புறப்படுவதும் அந்த அடியிலிருந்துதான்.

இதைச் சோதிப்பது எளிது. டாங்கியின் அடிப் பெட்ரோலைச் சிறிதளவு ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நெருப்பில்லாத இடத்தில் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வேறொரு படலம் பிரிந்து நின்றாலும், வழக்கமான காரநெடி போய் வார்னிஷ் போன்ற வாசனை வந்தாலும், முழுவதையும் வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்ற வேண்டும். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள சிறு கிண்ணத்தையும் கழற்றித் துடைத்துவிடுவது நலம். பழையதோடு புதியதைக் கலந்து சிக்கனம் செய்பவர் மீண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். டாங்கி மூடியில் காற்று நுழைய ஒரு நுண்துளை உண்டு. அது அடைபட்டாலும் பெட்ரோல் இறங்காது.

பெட்ரோல் நன்றாயிருந்தும் கிளம்பவில்லையென்றால், பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு முறை கயிற்றை இழுத்த உடனே கழற்றினால் அது ஒரு செய்தி சொல்லும். நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவே இல்லை. கோளாறு கார்புரேட்டரிலோ குழாயிலோ இருக்கிறது. நுனி நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். சோக்கைத் திறவாமல் பலமுறை இழுத்தவர்களுக்கே பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. கால்மணி நேரம் பொறுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை நீக்கிவிட்டு இழுத்தால் பல யந்திரங்கள் கிளம்பிவிடும். கரி படிந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். நுனிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலான சிறு எஞ்சின்களில் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். பிளக் வெடித்தோ தேய்ந்தோ இருந்தால் புதிதாக மாற்றுவதே முறை. அதன் விலை ஒருநாட் கூலியினும் குறைவு.

பொறி எழுகிறதா என்பதை அறிய, கழற்றிய பிளக்கைக் கம்பியோடு பொருத்தி, உலோகப் பாகம் எஞ்சினின் உடலைத் தொடும்படி காப்பிட்ட குறடால் பிடித்து, நிழலில் கயிற்றை இழுக்கச் சொல்லலாம். பெட்ரோல் சிந்தியிருந்தால் முதலில் துடைத்து, ஆவி அகலும்வரை காத்திருக்க வேண்டும். பிளக் இருந்த துளைக்கு நேரே பிளக்கையோ முகத்தையோ வைக்கலாகாது. நீலப்பொறி தோன்றினால் மின்பகுதி குற்றமற்றது. தோன்றாவிட்டால், கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய நிறுத்துகோலை முதலில் பாருங்கள். அதை அழுத்திப் பிடித்தாலன்றிப் பொறி எழாதபடி அமைத்திருக்கிறார்கள். சில எஞ்சின்களில் எண்ணெய் குறைந்தாலும் பொறி நின்றுவிடும்.

காற்றின் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கவயலைச் சுற்றி, பொன் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் குன்றுகளாய் நிற்கின்றன. காற்று வீசும் மாதங்களில் அவற்றின் நுண்மண் ஊரெங்கும் பறக்கிறது. அந்தத் தூசியும் புல்துகளும் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரிற் கழுவி உலர்த்தலாம்; காகித வடிகட்டியை மெல்லத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயால் ஊதுவது மட்டும் கூடவே கூடாது. அந்த மண் நம் நுரையீரலுக்கு உகந்ததன்று. மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்டி, கையைக் கழுவிவிடுங்கள்.

இவை யாவும் சரியாயிருந்தும் யந்திரம் கிளம்பாமல், கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தால், அண்மையில் கத்தி கல்லில் மோதியதா என்று கேட்டறிய வேண்டும். கத்தி சட்டென்று நின்றுவிடும்போது, எஞ்சினின் சுழற்சக்கரத்தை அச்சோடு பிணைத்திருக்கும் சிறு உலோகச் சாவி வெட்டுண்டு, பொறி எழும் தருணம் தவறிவிடுகிறது. பெரிய பாகங்கள் உடையாமல் காப்பதற்காகவே அதை மெல்லிய உலோகத்தில் செய்கிறார்கள். அற்ப விலைதான், ஆனால் சக்கரத்தைக் கழற்றத் தக்க கருவி வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றச் சிலர் துணிவார்கள். அது வேண்டாம்.

கயிறு எவ்விதத் தடையும் இல்லாமல் தளர்ந்து வந்தால் மட்டுமே அழுத்தம் குறைந்ததோ என்று ஐயுறலாம். அப்போது பழுதுபார்ப்பவரிடம் செல்வது தகும். செல்லும்போது "கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "புதிய பெட்ரோல் ஊற்றினோம், பொறி நீலமாய் வருகிறது, பிளக் நனைந்திருக்கிறது, கயிறு தளர்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். இவ்வளவு அறிந்தவரிடம் வேண்டாத பாகத்தை விற்க எவரும் தயங்குவர். கொண்டுசெல்லும்போது யந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால், கார்புரேட்டர் இருக்கும் பக்கம் மேல்நோக்கியே இருக்கட்டும். இல்லாவிடில் எண்ணெய் வடிகட்டிக்குள் ஓடி, இல்லாத கோளாறும் உண்டாகும். மழைக்காலப் புல்வெட்டு முடிந்தபின், டாங்கியை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கொட்டகையில் வையுங்கள்.